பல்கனியில் என் மனுசனோடு கதைத்த ஸ்டெல்லா அக்கா

ஸ்டெல்லா அக்கா செத்துப்போய்விட்டார். நித்திரையிலேயே போய்விட்டாராம்...

உங்களில் அநேகம் பேருக்கு அவரைத் தெரிந்திருக்காது. புகைப்பழக்கத்தை விட நினைக்கிறவர்களோடு போனில் கதைக்கிற ஹெல்ப்லைன் ஒன்றில் வேலை செய்தவர். என் மனுசன் வேப் இழுப்பதை விட்டது அவரால்தான்.

நான் அவரை முதன்முதலாகப் பார்த்ததே சவப்பெட்டிக்குள்தான். முந்தநாள், கொட்டாஞ்சேனையில், அவர் வீட்டு ஹோலில்.

செத்தவரைப் பற்றி எழுதும்போது பொய் எழுதக் கூடாது. அந்த மனுசியில் எனக்குச் சரியான பொறாமை.

சிகரட்டை விடுவதற்கென்றுதான் என் மனுசன் வேப் என்கிற மின்சிகரட்டை வாங்கினார். "இது வெறும் ஆவிதானே" என்றார். சிகரட்டுக்காவது வெளியே இறங்கிப் போகவேண்டியிருந்தது, இதற்கு அதுவும் தேவையில்லை... கட்டிலில், குளியலறையில், டிவிக்கு முன்னால். மாம்பழமே கிடைக்காத மாதத்திலும் எங்கள் வெள்ளவத்தை ஃபிளட்டில் மாம்பழ வாசம்.

கெஞ்சிப் பார்த்தேன். கத்திப் பார்த்தேன். ஒருமுறை சார்ஜரைக் கொண்டுபோய் அரிசி வாளிக்குள் ஒளித்தும் வைத்தேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

கடைசியில் பொரளையில் ஒரு டொக்டர் நெஞ்சைச் சோதித்துவிட்டு ஹெல்ப்லைன் நம்பரைக் கொடுத்தார். போன் கோலை எடுத்தவர் ஸ்டெல்லா அக்கா. நான் வருஷக்கணக்காகத் தொண்டை கிழியச் சொன்னதைத்தான் அவரும் சொன்னார்... ஆனால் அவர் சொன்னால் மனுசன் கேட்கிறார்!

அதற்குப் பிறகு, விளக்கு வைக்கிற நேரமானால் போனோடு பல்கனிக்குப் போய்விடுவார். அந்த நேரம்தான் இழுக்கவேண்டும் போல வருமாம். அது அடங்கும்வரை அக்கா அவரைக் கதைக்க வைப்பார். முன்னால் என்ன தெரிகிறது, சொல்லுங்கள் என்பாராம்.

நான் குசினிக்குள் அடுப்படியில் நின்று காதைக் கொடுப்பேன்.

"இண்டைக்குக் கடல் கொஞ்சம் கலங்கிக் கிடக்குது அக்கா... இந்தா, தண்டவாளத்தில கோச்சி போகுது, வாசலில பெடியள் தொங்குறாங்கள்... கீழ்வீட்டு அன்ரி மழை வருதெண்டு உடுப்பை அள்ளிக்கொண்டு ஓடுறா..."

இது என் மனுசனா? புதுச் சீலை கட்டிக்கொண்டு முன்னால் போய் நின்றால், தலையை நிமிர்த்தாமலே "நல்லாயிருக்கு" என்கிறவர். எனக்கு ஒரு "ம்". அக்காவுக்குக் கடல், கோச்சி, கீழ்வீட்டு அன்ரி... வயிறு பற்றி எரிந்தது.

ஒருநாள் அவர் குளித்துக்கொண்டிருக்கும்போது அக்காவிடமிருந்து கோல் வந்தது. போனை நான் தூக்கினேன்.

"தங்கச்சி, அவரோட கதைக்கலாமோ?"

"குளிக்கிறார். அப்பிடி என்னதான் அக்கா ஒவ்வொரு நாளும் கதைக்கிறீங்கள்?" என் குரலில் இருந்த சூடு எனக்கே கேட்டது.

அக்கா சிரித்தார். "நான் எங்க கதைக்கிறன்? அவர்தான் கதைக்கிறார், நான் கேட்டுக்கொண்டிருக்கிறன். நீங்கள் மீன் பொரிக்கிற வாசம் வந்தா எனக்கு பாய் சொல்லிப்போட்டு ஓடிடுவார்."

என் சட்டியில் என்ன பொரிகிறது என்பதுவரை அவருக்குத் தெரிந்திருந்தது! நல்ல மனுசி என்று அந்த நிமிடமே விளங்கிவிட்டது. அதுதான் பெரிய எரிச்சல். கெட்ட மனுசி என்றால் நாலு வார்த்தை ஏசிவிட்டாவது போனை வைத்திருக்கலாம்.

செத்த வீட்டில் யாரோ சொந்தக்காரர் வழக்கப்படி தட்டைக் கொண்டு வந்தார். டொபி, வெற்றிலை, ஓரத்தில் சிகரட். முற்றத்தில் நின்ற ஆம்பிளைகள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். பிறகு எல்லோரும் டொபியை எடுத்தார்கள்.

எனக்குப் பக்கத்துக் கதிரையில் மாளிகாவத்தையிலிருந்து வந்த ஒரு பெண். மெல்லக் குனிந்து கேட்டார். "ஒங்கட ஆளும் இவங்களோட பேசினவரா? எங்கட ஆள் மொட்டை மாடிக்குப் போய்த்தான் பேசுவார். நான் மொதல்ல வேற மாதிரி நெனச்சிட்டன்."

செத்த வீடு என்றும் பார்க்காமல் இரண்டு பேரும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

நிமிர்ந்து பார்த்தால்... என் மனுசன் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று விம்மி விம்மி அழுகிறார். என் அப்பா செத்த அன்று கதிரை அடுக்கிக்கொண்டு நின்றவர். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

நேற்றுப் பின்னேரம் நான் தேங்காய்ப்பால் சொதி வைத்துக்கொண்டிருந்தேன். திரும்பினால் குசினி வாசலில் நிற்கிறார். காலில் செருப்பு. கீழே இறங்கினால் போன் கவர் விற்கிற கடை இருக்கிறது. அங்கே மேசைக்கு அடியில் என்ன கிடைக்கும் என்று எனக்கும் தெரியும்.

"இஞ்ச... எனக்கு இழுக்கோணும் போல கிடக்குது."

இத்தனை வருஷத்தில் இதை ஒருநாளும் என்னிடம் சொன்னதில்லை. ஒன்று, ஒளித்து இழுப்பார், இல்லாவிட்டால் அக்காவுக்குப் போன் எடுப்பார். ஏச்சு நாக்கு நுனியில் வந்து நின்றது. விழுங்கினேன்.

"அக்கா எண்டா இப்ப என்ன செய்வா?"

"ஒண்டும் செய்யமாட்டா. போனை வைக்காமல் நிப்பா."

அகப்பையை வைத்துவிட்டுப் போய்ப் பக்கத்தில் நின்றேன். கொஞ்சம் கொஞ்சமாகக் கதைக்கத் தொடங்கினார்... முழுக்க அக்காவைப் பற்றித்தான். அக்கா சொல்லிச் சிரித்த பகிடி, அக்காவின் இருமல், அக்காவுக்குப் பிடித்த பேக்கரிப் பாண். பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். சொதி திரைந்தே போய்விட்டது.

பிறகு செருப்பைக் கழற்றினார்.

இன்றைக்கு எப்படியோ, தெரியாது.

போய்ட்டு வாங்கோ அக்கா. அவர் வாயைத் திறந்து எனக்கு ஒண்டைச் சொன்னது நேற்றுத்தான். நீங்கள் இருந்திருந்தால் அதையும் உங்களுக்குத்தான் சொல்லியிருப்பார்.