முதலில் வாசிக்கும் பெயர்

எங்கள் ஊர் மாதா கோயிலில் பூசை தொடங்குவதற்கு முன் அன்றைய பூசைக் கருத்தை மைக்கில் வாசிப்பார்கள். யாருடைய ஆன்மா இளைப்பாற்றிக்காகப் பூசை, அந்தப் பூசையை வைக்கச் சொல்லிக் கேட்பவர்கள் யார் யார் என்று சொல்வார்கள். இறந்தவர் ஆண் என்றால் முதலில் மனைவி பெயர். பிறகு பிள்ளைகள், பிறகு பெற்றோர், கடைசியில் உடன்பிறந்தவர்கள். இப்படித்தான் வாசிக்க வேண்டும் என்று எந்தச் சாமியாரும் சொல்லித் தந்ததில்லை. ஆனாலும் வரிசை மாறி நான் கேட்டதில்லை. என் கணவருடைய முப்பதாம் நாள் பூசையில் "ராஜமேரி" என்று என் பெயர் முதலில் வந்தபோது, பாயில் முன்னால் உட்கார்ந்திருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அதுவரை வராத அழுகை அப்போதுதான் எனக்கு வந்தது.

டிசம்பரில் என் தம்பி ஸ்தனிஸ்லாஸ் இறந்தான். கல்யாணம் ஆகாதவன். அப்பா அம்மா முன்பே போய்விட்டார்கள். அவனுக்கு முதலில் யார் பெயரை வாசிப்பது என்ற கவலையிலேயே எனக்கு ஒரு மாதம் போனது.

அதியமான்கோட்டையில் நெடுஞ்சாலை ஓரத்தில் அவன் லாரிகளுக்கு பிரேக் பார்க்கும் கடை வைத்திருந்தான். பெங்களூர்ப் பக்கமிருந்து சேலம் போகிற வண்டிகள் தொப்பூர் கணவாயில் இறங்குவதற்கு முன் அங்கே நிற்கும். அவன் அடியில் படுத்துப் பார்ப்பான், எழுந்து கையைத் துடைப்பான், "இறக்கத்துல கியரை விட்றாதீங்க" என்பான். அதற்கு மேல் பேச்சு கிடையாது. பத்துச் சக்கர லாரிக்கு அடியில் பயமில்லாமல் படுப்பவன் தெருநாய்க்குப் பயப்படுவான். கோயிலுக்கு வருகிற வழியில் மூன்று நாய்கள் உண்டு என்பதால், கூட இருந்த நவநீதன் அவன் சட்டைப் பையில் பிஸ்கட் பாக்கெட் வைத்து அனுப்புவார்.

நவநீதன் நல்லம்பள்ளிப் பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். முதலில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு நாள் கணவாயில் அவருக்கு முன்னால் போன வண்டி கவிழ்ந்தது. அந்த நடையை எப்படியோ முடித்துவிட்டார். அடுத்த முறை வந்தபோது தம்பி கடை பெஞ்சில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. "பிரேக் நல்லாத்தானே இருக்கு, கிளம்புங்க" என்று சொல்லியும் அசையவில்லை. கடைசியில் தம்பியே சாவியை வாங்கி, அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, அந்த வண்டியைத் தொப்பூர் தாண்டி இறக்கிக் கொடுத்துவிட்டு பஸ்ஸில் திரும்பி வந்தான். ஒரு வாரம் கழித்து நவநீதன் வண்டி இல்லாமல் வந்தார். கடையை ஒட்டி ஒரு தட்டுக்கடை போட்டார். ஆம்லெட், டீ, மதியம் சோறு. கடைக்குப் பின்னால் இருந்த வீட்டில் இரண்டு பேரும் அன்றிலிருந்து ஒன்றாக இருந்தார்கள். என் மகள் சுபா அப்போது நாலாவதோ அஞ்சாவதோ படித்தாள். இப்போது சட்டக் கல்லூரியில் கடைசி வருஷம்.

எனக்குத் தெரியுமா என்றால் தெரியும். யாரும் சொல்லித் தெரியவில்லை. ஒரு தீபாவளிக்குப் போயிருந்தபோது தம்பி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கத்தரிக்காய் அவனுக்கு ஆகாது. நவநீதன் பேசிக்கொண்டே அவன் தட்டிலிருந்து கத்தரிக்காயை எடுத்துத் தன் தட்டில் போட்டுக்கொண்டார். இரண்டு பேருமே அதைக் கவனிக்கவில்லை. என் கணவர் இருந்தவரை எனக்கு மீன் முள் எடுத்துத் தருவார். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

ஒரே பாலினத்தவர் கல்யாண வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன நாள் நான் கடையில் இருந்தேன். தட்டுக்கடை டிவியில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. மாரியப்பன் என்ற டிரைவர் டீயை வைத்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"ஏங்க நவநீதா, ரெண்டு ஆம்பளைங்க கட்டிக்கிட்டா தாலியை யாருங்க யாருக்குக் கட்றது?"

"தாலிய விடுங்க. சோறு யாரு ஆக்குறதுங்கறதுதான் சண்டையே" என்றார் நவநீதன். பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"இதெல்லாம் பெரிய ஊர்க்காரங்க பிரச்சனைங்க. நம்ம பக்கம் ஏது?"

"நம்ம பக்கம் சாதி மாறிக் கட்டிக்கிறதுக்கே வழியில்ல. இதுல இது வேறயா" என்று இன்னொருவர் சொன்னார். 

தம்பி லாரிக்கு அடியில் இருந்தான். கால் மட்டும் வெளியே தெரிந்தது. செய்தி முடியும்வரை அந்தக் கால் அசையவில்லை. பிறகு உள்ளேயிருந்து, "பதினேழாம் நம்பர் ஸ்பேனர் எடு" என்று குரல் வந்தது. நவநீதன் அடுப்பைக் குறைத்துவிட்டுப் போய் எடுத்துக் கொடுத்தார்.

அதே இடத்தில்தான் டிசம்பரில் ஒரு காலை, லாரிக்கு அடியிலிருந்து வெளியே வந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. கல்லறையில் நானும் என் இன்னொரு தம்பி அந்தோணி பிரகாஷும் முதலில் மண் போட்டோம். நவநீதன் கூட்டத்துக்குப் பின்னால் நின்றார். எல்லாரும் திரும்பி நடந்த பிறகு அவர் மட்டும் குனிந்ததைப் பார்த்தேன்.

ஒரு வாரம் கழித்து வீட்டுக்கு வந்தார். தண்ணீர் கொடுத்தேன், குடிக்காமல் வைத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, முப்பதாம் நாள் பூசையில என் பேரும் வருமுங்களா?"

"வரும் நவநீதா."

"எங்க வேணா வரட்டுங்க. வந்தாப் போதும்."

சொல்லிவிட்டேன். அவர் போனதும் காலண்டரை எடுத்து நாள் எண்ணினேன். சுபாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. தவக்காலத்தில் கல்யாணம் வைக்க மாட்டார்கள் என்பதால் அது தொடங்குவதற்கு முன் முடித்துவிட வேண்டும் என்று சாவுக்கு முன்பே பேசியது. அதற்கு மூன்று ஞாயிறு ஓலை வாசிக்க வேண்டும். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் தெரிவிக்க வேண்டும் என்று சாமியார் கோயிலில் அறிவிப்பது. எங்களுடையது பெரிய கோயிலின் கிளைப் பங்கு, சாமியார் ஞாயிறு மட்டும்தான் வருவார். அதனால் தம்பியின் முப்பதாம் நாள் பூசையும் சுபாவின் முதல் ஓலையும் ஒரே பூசையில் வந்து விழுந்தன. மாப்பிள்ளையின் அப்பா பிரபாகர் குடும்பத்தோடு வருவதாகச் சொல்லியிருந்தார். அவர் தன்னுடைய கோயில் பங்கில் பெரிய மனிதர். பெண் பார்க்க வந்தபோதே, "பெரிய மாமாவுக்கு ஏன் கல்யாணம் ஆகலீங்க?" என்று கேட்டவர். கடையே கதி என்று இருந்துவிட்டான் என்று சொல்லிச் சமாளித்தேன்.

பிரகாஷ் விஷயம் கேட்டதும் தலையை ஆட்டினான். "கடைசியில 'மற்றும் நண்பர்கள்'னு போட்டுடலாம்க்கா. பேரு வேண்டாம்."

சுபா புத்தகத்தை மூடினாள். "நண்பர்கள்னா யாரு மாமா? சேர்ந்து கிரிக்கெட் ஆடுனவங்களா?"

"வாயாடாத. சுப்ரீம் கோர்ட்டே முடியாதுன்னு சொல்லிடுச்சு. நீ படிக்கிற சட்டம்தானே?"

"கல்யாணம் பண்ணிக்கிறது அடிப்படை உரிமை இல்ல, அதுக்குச் சட்டம் கொண்டு வர்றது பாராளுமன்றத்து வேலைன்னாங்க. சேர்ந்து வாழக் கூடாதுன்னு சொல்லல. கோயில்ல பேர் படிக்கக் கூடாதுன்னும் சொல்லல."

"கோயிலுக்குன்னு தனிச் சட்டம் இருக்குது."

"அதுல பொண்டாட்டி பேரைத்தான் மொதல்ல படிக்கணும்னு எங்க இருக்குது? நாமளாத்தான படிக்கிறோம்."

பிரகாஷ் சிரித்துவிட்டான். "வக்கீலம்மா, இந்த வாதத்தைக் கொண்டு போயி உன் மாமியார் வூட்ல வை. அவங்க சரின்னா நானே மைக்ல படிக்கிறேன்."

சுபா மறுபடியும் புத்தகத்தைத் திறந்தாள். பிரகாஷ் என் பக்கம் திரும்பினான். சிரிப்பு போயிருந்தது. "நான் அண்ணனைக் குறையா சொல்லலக்கா. உசுரோட இருந்தப்ப அவனே ஒருத்தர்கிட்டயும் சொல்லல. அது அவன் விருப்பம். இப்ப நாம சொல்றதுக்கு யாரு? ஊரு நாலு பேசுனா எந்திரிச்சு வந்தா பதில் சொல்லப் போறான்?"

இதுதான் என்னை அதிகம் வதைத்தது. மற்றதற்கெல்லாம் சுபா சட்டம் சொன்னாள். இதற்குச் சட்டம் ஏது? தம்பி மறைத்தானா, அல்லது யாரும் கேட்காததால் சொல்லாமல் இருந்தானா? லாரிக்கு அடியில் அசையாமல் இருந்த அந்தக் காலை நினைத்துக்கொள்வேன். அது என்ன சொன்னது என்று ஒவ்வொரு நாளும் ஒவ்வொன்றாகத் தோன்றும்.

சனிக்கிழமை தட்டுக்கடைக்குப் போய், பெயர் இல்லாமல் 'நண்பர்கள்' என்றுதான் வரும் என்று நவநீதனிடம் சொன்னேன். மறுநாள் பூசை முடிந்து வருபவர்களுக்குச் சோறு போட அவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"சரிங்கக்கா. நண்பர்கள்னே படிக்கட்டும். சுபா கல்யாணம் நல்லபடியா நடக்கோணும். அவருக்கும் அதுதான் பெருசு." கொஞ்சம் பொறுத்து, "பூசை எத்தனை மணிக்குங்க?" என்றார். ஏற்கெனவே அதை இரண்டு தடவை கேட்டிருந்தார்.

எங்கள் கோயிலில் பூசைக் கருத்தை வாசிப்பது சுபா. பள்ளிக்கூடக் காலத்திலிருந்து அவள்தான். காலையில் அவளுக்குத் தலை பின்னிவிடும்போது வரிசையைச் சொன்னேன். ராஜமேரி, அந்தோணி பிரகாஷ், சுபா, மற்றும் நண்பர்கள்.  மறுபடியும் சொன்னேன். "பின்னலை இறுக்காதம்மா" என்றாள்.

பிரபாகர் வீட்டார் முன்னாலேயே வந்துவிட்டார்கள். அவர் ஆண்கள் பக்கம் முதல் வரிசை. அவர் மனைவி எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். நல்ல பெண்மணி.  திரும்பிப் பார்த்தேன். நவநீதன் கதவுக்கு வெளியே, செருப்புகள் கிடந்த இடத்தில் நின்றார். தம்பியின் வெள்ளைச் சட்டையைப் போட்டிருந்தார். தோள் கொஞ்சம் பெரிதாக இருந்தது.

சுபா மைக் முன்னால் போய் நின்றாள். அவள் கையில் எதுவும் இல்லை.

"இன்றைய திருப்பலி, மறைந்த ஸ்தனிஸ்லாஸ் அவர்களின் ஆன்மா இளைப்பாற்றிக்காக. கேட்பவர்கள்."

நிறுத்தினாள். சாதாரணமாக அவள் அங்கே நிறுத்த மாட்டாள்.

"நவநீதன். ராஜமேரி. அந்தோணி பிரகாஷ் குடும்பத்தார். சுபா."

முன்வரிசைப் பெண்கள் திரும்பினார்கள். முதலில் என்னைப் பார்த்தார்கள், பிறகு என்னைத் தாண்டிக் கதவுப் பக்கம். என் கையைப் பிடித்திருந்த கை அப்படியேதான் இருந்தது, ஆனால் அதில் பிடி இல்லை. சாமியார் புதியவர், அவருக்கு அது நாலு பெயர்கள்தான். பாட்டு ஆரம்பித்தது. பூசை முழுக்க நான் எதையும் கேட்கவில்லை. கடைசியில் சாமியார் ஓலையை வாசித்தார். தடை தெரிந்தவர்கள் தெரிவிக்க வேண்டும் என்றபோது பிரபாகரின் பின்தலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது அசையவில்லை.

வெளியே வந்ததும் நேராக என்னிடம் வந்தார். "சம்பந்தியம்மா, மொதல்ல ஒரு பேரு படிச்சாங்களே, யாருங்க அது?"

கடையில் கூட இருந்தவர் என்ற பதில் ஒரு மாதமாக என் நாக்கில் தயாராக இருந்தது. பிரகாஷ் எனக்குப் பின்னால் வந்து நின்றதும் தெரிந்தது. நவநீதன் இரண்டடி தள்ளி, யாருடைய செருப்பையோ ஓரமாக நகர்த்தி வைத்துக்கொண்டிருந்தார்.

"எந்தம்பியோட குடும்பம் நடத்துனவருங்க. இவருதான்" என்றேன்.

பிரபாகர் நவநீதனைப் பார்த்தார். நவநீதன் கும்பிட்டார். பிரபாகரும் பழக்கத்தில் கையைத் தூக்கினார், முழுதாகச் சேரவில்லை.

"சோறு ஆக்கியிருக்குதுங்க, வந்து ஒரு வாய்" என்று நவநீதன் ஆரம்பித்தார்.

"இல்லீங்க. ஓசூர்ல ஒரு வேலை இருக்குது." காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

வீட்டுக்கு வந்து சுபாவிடம், "ஏன்டி?" என்றேன். அவ்வளவுதான் கேட்க முடிந்தது.

"நான் வாதாடலம்மா. பேருதான் படிச்சேன்" என்றாள். பிறகு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அழுதாளா என்று தெரியவில்லை. பிரகாஷ் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் வந்து, "அந்த சட்டை அவருக்கு லூஸா இருக்குது, டெய்லர்கிட்டக் குடுக்கச் சொல்லு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

அந்த வாரம் போன் அடிக்கும்போதெல்லாம் எடுக்கப் பயந்தேன். மாப்பிள்ளை சுபாவிடம் ஒருமுறை பேசினார். என்ன கேட்டார் என்றேன். "கேட்டாரு, சொன்னேன். அப்பாகிட்டப் பேசறேன்னாரு" என்றாள். அதற்குப் பிறகு அந்தப் பக்கமிருந்து ஒன்றும் இல்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

நேற்று இரண்டாவது ஞாயிறு. பிரபாகர் வீட்டார் வந்திருந்தார்கள், எங்களுக்கு எதிர்க்கோடியில் உட்கார்ந்தார்கள். அந்த அம்மா என்னைப் பார்த்தார், கும்பிடவில்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. சாமியார் ஓலையைக் கையில் எடுத்ததும் நான் பிரபாகர் பக்கம் பார்த்தேன். சாமியார் அதை வாசித்தார். மாப்பிள்ளை பெயர், அப்பா பெயர், சுபா பெயர், எல்லாம் போன வாரம் போலவே.

நவநீதன் இந்த முறை வெளியே நிற்கவில்லை. பிரகாஷ் பாயில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட, அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். எப்போது எழ வேண்டும், எப்போது முழங்கால் போட வேண்டும் என்று தெரியாமல் பிரகாஷைப் பார்த்துப் பார்த்துச் செய்தார்.

இன்னும் ஒரு ஞாயிறு ஓலை இருக்கிறது.