உழவு ஓட்டிய திருகு

1968 ஆவணியில் விருத்தாசலத்தில் ஒரு துப்பாக்கி ரிப்பேர் கடையில் சேர்ந்தேன். அதற்கு முன் ஐந்து வருஷம் பீங்கான் பட்டறையில் மெஷின் ஃபிட்டர். என் கைக்கு மசியாத மெஷின் இல்லை என்ற நினைப்பு இருந்தது. மூன்றாம் நாளே அது என்னைக் கவிழ்த்தது.

கருவேப்பிலங்குறிச்சி ராஜமாணிக்கம் தன் ரெட்டைக்குழல் துப்பாக்கியைக் கொண்டுவந்திருந்தார். கரும்பில் இறங்கும் பன்றிகளுக்காக லைசென்ஸ் வாங்கி வைத்திருந்தது. உள்ளே இரண்டு ஸ்பிரிங்கும் தளர்ந்திருந்தன. இடது பக்கம் ஒரு தகடு, வலது பக்கம் ஒரு தகடு; தகட்டின் திருகைக் கழற்றினால்தான் ஸ்பிரிங்கைத் தொட முடியும்.

இடது திருகின் தலையில் டிரைவர் இறங்கும் பள்ளமான ஸ்லாட் மிகவும் மெல்லியது. என் ஸ்குரூ டிரைவரின் முனை இறங்கவில்லை. பீங்கான் பட்டறையில் இப்படி வந்தால் ஹாக்ஸா பிளேடால் ஸ்லாட்டை அகலமாக அறுத்துவிட்டுத் திருப்புவோம். களிமண் அப்பிய மெஷினில் அதை யாரும் பார்க்கப்போவதில்லை. இங்கேயும் அறுத்தேன். திருகு சுலபமாக வந்தது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

மத்தியானம் ராஜமாணிக்கம் வந்து பார்த்தார்.

"ஏன் மேஸ்திரி, திருகுல ஒழவு ஓட்டினீங்களா? வெத போடுறதுதான் பாக்கி."

நான் மட்டும் சிரித்தேன். முதலாளி காதர் பாய் திருகை வாங்கி வெளிச்சத்தில் திருப்பினார். தலையைச் சுற்றிச் செதுக்கியிருந்த கொடி வேலையின் நடுவே என் பிளேடு போயிருந்தது.

"இது கடையில விக்கிற திருகு இல்ல தம்பி. துப்பாக்கியோட பொறந்தது. வலது பக்கம் இன்னும் இருக்குது. வெள்ளிக்கெழமைக்குள்ள ஒரு கீறல் இல்லாம கழட்டு. முடியலன்னா பீங்கானுக்கே போயிடு. இவரு நாலு ஊர்ல சொன்னாருன்னா நான் கடைய மூட வேண்டியதுதான்."

"நாலு ஊரு என்னாத்துக்கு பாய்? வேப்பூரு டீக்கடையில ஒருவாட்டி சொன்னா போதும்" என்றார் ராஜமாணிக்கம்.

அன்று திங்கள்கிழமை. புதன் வரை நான் திருகைத் திருப்பவே இல்லை, அளந்துகொண்டிருந்தேன். இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் தகடுகளை ஒவ்வொன்றாக வலது ஸ்லாட்டில் விட்டு, சரியாக நுழைந்ததன் கனத்தைக் குறித்தேன். பிறகு கடைத்தெருவில் ஏழெட்டு ஸ்குரூ டிரைவர்களை அரத்தால் உரசிப் பார்த்தேன். அரம் வழுக்கினால் இரும்பு அதிகக் கடினம், முனை சிதறும். அரம் தாராளமாக இறங்கினால் மெது, முனை முறுக்கிக்கொள்ளும். லேசாகப் பிடித்ததை வாங்கினேன். பிடி தடிமனாகக் கை நிறைய இருந்தது.

கடை டிரைவரின் முனை ஆப்பு மாதிரி சரிந்திருக்கும். ஸ்லாட்டின் மேல் விளிம்பை மட்டும் பிடிக்கும். அழுத்தினால் மேலே ஏறி வழுக்கும். அதைச் சாணைக்கல்லில் இரண்டு பக்கமும் நேராகத் தீட்டினேன். சூடு ஏறி நீலம் பாய்ந்தால் முனை கெட்டுவிடும் என்பதால் நாலு தேய்ப்புக்கு ஒருமுறை தண்ணீரில் முக்கினேன். அகலம் திருகுத் தலைக்குள் அடங்க வேண்டும், கூடினால் தகட்டைக் கீறும். ஸ்லாட்டின் அடிவரை இறங்கி, ஆட்டினால் ஆடாமல் நிற்கும் வரை தீட்டினேன்.

ஒரு ராத்திரி மண்ணெண்ணெயில் ஊறிய திருகை வியாழன் காலை தொட்டேன். பாய் பக்கத்தில் நின்றார். உடம்பு எடையை மேலே வைத்து மெதுவாகத் திருப்பினேன். அசையவில்லை. சுத்தியலால் பிடியின் தலையில் இரண்டு தட்டு தட்டி மறுபடி திருப்பினேன். 'டிக்' என்றது. திருகு வந்தது, கொடி வேலையில் ஒரு கீறல் இல்லை.

பாய் எனக்கு டீ வாங்கிவரப் போனார்.

எழுபதுகளில் பாயின் மச்சான் குவைத்திலிருந்து ஒரே பிடியில் முனையை மட்டும் மாற்றிப் போடும் பிட் செட் ஒன்று கொண்டுவந்தார். நல்ல இரும்புதான். ஆனால் பிட் பிடிக்குள் ஆடாமல் உட்கார வேண்டும். அதையும் ஒவ்வொன்றாகத் தீட்டித்தான் பயன்படுத்தினேன். திருகைப் பார்த்து முனையைத் தீட்ட வேண்டும். முனையைப் பார்த்துத் திருகை வெட்டக் கூடாது.

துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்த அன்று, இடது திருகுக்குப் பதில் புதிதாகக் கடைந்து தருவதாகப் பாய் சொன்னபோது ராஜமாணிக்கம், "கெடக்கட்டும் பாய். பன்னி திருகையா பாக்கப்போவுது?" என்றார். ஆனால் வருஷாவருஷம் துப்பாக்கியைத் துடைக்கக் கொண்டுவரும்போது, "மேஸ்திரி, ஒழவு எப்புடி இருக்குது?" என்று கேட்காமல் போகமாட்டார்.

அந்த அகல ஸ்லாட்டுக்கும் ஒரு டிரைவர் தீட்ட வேண்டியதாயிற்று. என் பெட்டியில் அதுதான் மிகத் தடிமன். வேறெந்தத் துப்பாக்கிக்கும் அது பொருந்தியதில்லை.