நெரிசல் ஜோசியக்காரி

நெடுஞ்சாலைக் கட்டுப்பாட்டு அறையில் அவளுக்கு 'ஜோசியக்காரி' என்று பெயர். கேமராத் திரைகளைப் பார்த்து, எங்கே நெரிசல் வரப்போகிறது என்று முன்கூட்டியே சொல்வது வேலை. ஓரிடத்தில் உட்காரமாட்டாள், காலில் சக்கரம் கட்டிக்கொண்டு திரைக்குத் திரை அலைவாள். அந்தத் தொழிலின் லட்சணம் அப்படி. நெரிசல் வரும் என்று சாலையோர மின்சார போர்டில் போட்டால், பாதிப் பேர் வேறு வழியில் திரும்பிவிடுவார்கள், நெரிசல் வராது. உடனே, "எங்கம்மா உன் நெரிசல்?" என்று ஆளாளுக்குக் கேலி செய்வார்கள். நல்லதுக்குக் காலமில்லை.

அன்று காலை அத்தானிடமிருந்து போன். "அக்காவுக்குப் பிரசவ வலி வந்துடுச்சு. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிட்டோம். எந்த ரோட்டுல போறது, பெரிய ரோடா, பழைய ரோடா?"

பெரிய ரோட்டில் ஒரு லாரி பழுதாகிப் பாதி வழியை மறித்து நின்றிருந்தது. போர்டு போடாவிட்டால் அந்த ரோடு அடைத்துக்கொள்ளும். போட்டால் கூட்டம் பழைய ரோட்டில் போய் விழும், பெரிய ரோடு காலியாகும். "என்ன வேடிக்கை பாக்குற? போர்டைப் போடும்மா!" என்று மேலதிகாரி வேறு கத்தினார்.

"அத்தான், பெரிய ரோட்டுலயே போங்க. போர்டுல என்ன வந்தாலும் கண்டுக்காதீங்க!"

'முன்னால் நெரிசல், பழைய சாலையில் செல்லவும்' என்று போட்டாள். என்றைக்குமில்லாத அதிசயமாக எல்லோரும் சொன்ன பேச்சைக் கேட்டார்கள். பெரிய ரோடு காலியானது. அப்பாடா என்று அத்தானின் பச்சைக் காரைத் தேடினாள். காணோம். கடைசியில், பழைய ரோட்டுப் பாலத்தில் முன்னும் போக முடியாமல் பின்னும் போக முடியாமல் அது நின்றது.

"அட மனுஷா, என்ன சொன்னேன், என்ன பண்ணியிருக்கீங்க?" என்று போனில் அலறினாள்.

"நான் என்ன பண்றது? நீ சொன்னதைத்தான் சொன்னேன். போர்டைப் பாத்ததும் உங்கக்கா ஒத்தக் கால்ல நின்னுட்டா. 'என் தங்கச்சி போட்ட போர்டு, தப்பாகாது, திருப்புங்க'ன்னு. வலியில துடிக்கிறவகிட்ட வாதாட முடியுமா?"

ரோந்து வண்டியை அனுப்பச் சொல்லி மேலதிகாரியிடம் கெஞ்சினாள். அனுப்பினார், ஆனால் அது போகவும் வழி வேண்டுமே. தன்னை நம்பிய ஒரே பாவத்துக்கு அக்கா அங்கே கிடக்கிறாளே என்று அழுகை முட்டியது.

போனை அக்கா வாங்கினாள். மூச்சு வாங்கியது. "இன்னும் எவ்வளவு நேரம்டி? உனக்குத்தான் தெரியுமே."

தெரியும். பாலத்துக்கு முன்னால் கண்ணுக்கெட்டிய வரை ஒரு சக்கரம்கூட அசையவில்லை.

"இதோ, முன்னால நகர ஆரம்பிச்சிடுச்சுக்கா," என்றாள்.