மூன்று ஓட்டைக் காலணா கனம்

அரக்கோணத்தைப் பின்னால் விட்டுத் தண்டவாளத்தை ஒட்டி நடந்துகொண்டிருந்தேன். பட்டாளத்து அதிகாரிகளுக்கு ரிவால்வர் உறை தைத்துக்கொடுத்த கொட்டகையை யுத்தம் முடிந்த மறுவருஷம் இழுத்து மூடிவிட்டார்கள். என்னிடம் மிஞ்சியவை ஒரு குத்தூசி, தோல் சீவுகிற அகலக் கத்தி, நூலில் கோத்த மூன்று ஓட்டைக் காலணா. பசித்தபோதும் அந்தக் காசுகளை நான் செலவழிக்கவில்லை. கொட்டகையில் அவைதான் அளவுகோல். மூன்றையும் அடுக்கினால் வருகிற கனமே உறைத்தோலுக்குச் சரியான கனம். கூடினால் தோல் துப்பாக்கியின் மேல் படியாது. குறைந்தால் எடை தாங்காமல் தொங்கிப்போகும். பள்ளிக்கூடத்தை நாலாம் வகுப்போடு விட்ட எனக்கு உருப்படியாகத் தெரிந்த கணக்கு அது ஒன்றுதான்.

ரேணிகுண்டா வரை போய்ப் பார்ப்பது என்று கிளம்பியிருந்தேன். திருத்தணியில் நிற்கிற எண்ணம் இல்லை. வெயில் ஏறும் முன் ஊரைக் கடந்துவிடலாம் என்று நந்தி ஆற்றுப் பக்கமாகத் திரும்பியபோது, ஓலைப் பந்தல் ஒன்றின் கீழே, தொங்கிய தோல்சால்களுக்கு நடுவில், மரத்தில் செதுக்கிய ரிவால்வர் ஒன்று கிடந்தது. நின்றுவிட்டேன்.

"இன்னா மொறைக்கற? சுடாது. கட்டை" என்றார் பந்தலில் இருந்தவர். கிணற்றில் மாடு கட்டித் தண்ணீர் இறைக்கிற தோல்சால்களைத் தைப்பவர்.

"ரெண்டு நாளா அந்தக் கட்டையத்தான் பாத்துகினு குந்திகினு கீறாரு" என்றாள் அவர் மனைவி. "என்னைக்கூட இப்பிடிப் பாத்தது இல்ல."

உறை தைத்த ஆள் என்று சொன்னதும் அவர் நகர்ந்து எனக்கு இடம் விட்டார். அவள் கூழ் ஊற்றினாள். குடித்து முடிக்கும்வரை இரண்டு பேரும் காத்திருந்தார்கள்.

அவர் சால் தைத்துக் கொடுக்கும் கிணறுகளில் பாதி ஒரே மிராசுதாருடையவை. அந்த மிராசுதார் மறுநாள் காலை ரயிலில் சித்தூர் போகிறார்; துப்பாக்கியைக் காட்டி லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டும். அதற்குள் உறை வேண்டும். துப்பாக்கியைக் கடையில் விட முடியாது என்று தச்சனிடம் சொல்லிக் கட்டை செய்து அனுப்பியிருந்தார். தோலும் அவருடையதே. செத்துப்போன அவருடைய ஏர்மாட்டின் தோல், பதம் போட்டு வந்திருந்தது.

"இது கெட்டுப்போச்சுன்னா அத்தினி கெணத்து வேலையும் கே.ஜி.கண்டிகைல சால் தைக்கறவனுக்குப் பூடும்" என்றார். "அவன் நாக்கத் தொங்கப் போட்டுகினு கீறான்."

தோலை விரித்தேன். முதுகுப் பக்கம் காலணாக்களை வைத்துப் பார்த்தால் அளவு சரியாக நின்றது. ஆனால் சுண்ணாம்புக் கோடு கழுத்தில் இருந்தது.

அந்தப் பக்கத்து வழக்கம் அது. சால் வாங்குகிறவர் தோலைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, பிடித்த இடத்தில் தானே சுண்ணாம்பால் கோடு கிழிப்பார். தைப்பவர் அந்தக் கோட்டின் மேலேயே அறுக்க வேண்டும். வெட்டிய ஓரத்தில் சுண்ணாம்பு தெரியாவிட்டால் தோலை மாற்றிவிட்டான் என்று பெயர் வந்துவிடும். சாலுக்குக் கனத்த தோல்தான் நல்லது. மிராசுதார் உறைக்கும் அப்படியே பார்த்திருக்கிறார். நுகத்தடி அழுத்தி அழுத்திக் காய்த்துப்போன கழுத்து, ஐந்து காலணா கனம்கூட இருக்கும்.

"முதுவுல அறுங்க அண்ணே. கழுத்து வளையாது, மடிச்ச எடத்துல வெடிச்சிடும்."

"கோட்ட வுட்டு அறுத்தா என் கழுத்து போவும். பரவால்லியா?"

"பாவி மனுசன் மாட்டுக்கே கழுத்து இல்லாத பண்ணிட்டாரு, ஒனக்கு வுட்டு வெப்பாரா" என்றாள் அவள், நூலுக்கு மெழுகு தேய்த்துக்கொண்டே.

கோட்டின் மேலேயே அறுக்கச் சொன்னேன். பிறகு தோலைத் திருப்பிப் போட்டு உள்பக்கத்தைச் சீவ ஆரம்பித்தேன். உறையில் துப்பாக்கி படிய வேண்டிய நடுப்பகுதி முழுவதும் மூன்று காலணாவுக்கு வந்தது. வாய்ப் பக்கம் இரண்டு விரல் அகலத்துக்குக் கத்தி வைக்கவில்லை. வாய் கனமாக இருந்தால் உறை மூடிக்கொள்ளாது; துப்பாக்கியைத் திரும்பச் செருகுவது சுலபம். தடவிப் பார்க்கிறவர் முதலில் கை வைக்கும் இடமும் அதுதான். அதையும் நினைத்துத்தான் விட்டேன்.

தையலில் பாதி அவர் கை, பாதி என் கை. நனைத்த உறைக்குள் கட்டையை ஒரு சுற்றுத் துணியோடு செருகினேன்; காயும்போது தோல் இறுகும், அந்தத் துணியளவு இடம் இல்லாவிட்டால் துப்பாக்கி வெளியே வராது. பிறகு நிழலில் காற்றோட்டமாகத் தொங்கவிட்டோம். அவர் அன்றைக்கு வேறு எதையும் கையில் எடுக்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் மிராசுதார் வந்தார். பந்தலுக்குள் வரவில்லை, சாலையில் நின்றார். சால் தைப்பவர் உறையைக் கொண்டுபோய் ஒரு கல்லின் மேல் வைத்துவிட்டு விலகி நின்றார். மிராசுதார் எடுத்தார். ஓரத்துச் சுண்ணாம்பைப் பார்த்தார். வாயை அழுத்தினார், தலையாட்டினார். கட்டைவிரல் அங்கேயே நிற்கவில்லை, கீழே இறங்கியது.

"இன்னாடா, கீழ மெல்லிசா கீது?"

"ஒருவாட்டி போட்டு எடுத்துப் பாருங்க" என்றேன் நான்.

மிராசுதார் என்னைப் பார்த்துவிட்டுத் துப்பாக்கியைச் செருகினார். அது உள்ளே போய் உட்கார்ந்தது. உறையைத் தலைகீழாகக் கவிழ்த்தார்; விழவில்லை. இழுத்தார், வந்தது. மறுபடி செருகினார், மறுபடி இழுத்தார். கடைசியாகச் செருகி இடுப்பில் மாட்டிக்கொண்டார்.

"சீவுனது எங்க?"

அவள் முறத்தோடு கொண்டுவந்து காட்டினாள்.

"என் மாடுடா அது. எத்தினி வருசம் நொகம் சொமந்த கழுத்து. குப்பையில போடாத."

"ஆங், போட மாட்டேன் ஆண்டே."

"கீழண்டைக் கெணத்துச் சால் வால் ஒழுவுது. ஒட்டுப் போடும்போது இத்த அடியில வெச்சித் தையி. நான் சித்தூர்லேர்ந்து வர்றதுக்குள்ள தண்ணி பாயணும்."

சொல்லிவிட்டு ஸ்டேஷன் பக்கம் நடந்தார். இவர் முறத்தைக் கையில் வாங்கிக்கொண்டு சாலையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"ரேணிகுண்டாவுல ஒனக்கு யார் கீறாங்க?" என்று அவள் என்னைக் கேட்டாள்.

"யாரும் இல்ல."

"அப்பறம் இன்னா. அவுரு இப்ப எழுந்துக்க மாட்டாரு. கெணத்துக்கு நீ போய்ட்டு வா."

சீவல்களையும் ஒட்டுக்கு வேண்டிய தோலையும் துணியில் முடிந்துகொண்டு கிணற்றுக்குப் போனேன். சால் இழுக்கிற இரண்டு மாடுகளையும் நிழலில் கட்டிவிட்டு, அவற்றை ஓட்டுகிற கவலையோட்டி காத்திருந்தான். தோல்சாலை மேலே ஏற்றி வைத்து, தண்ணீர் வெளியே கொட்டுகிற தோல்குழாயான அதன் வாலைப் பிரித்தேன். எண்ணெயில் ஊறிய எருமைத்தோல். காலணாக்களை வைத்துப் பார்த்தேன், மூன்றும் போதவில்லை. அவற்றை மடியில் செருகிக்கொண்டு கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, ஒட்டுத்துண்டை அறுத்தேன்.