மழை வரும் என்று சொல்லும் வேலை

மழை வரும் என்று சொல்வதற்கு எனக்குச் சம்பளம். வந்துவிட்டால் நான் சொன்னது யாருக்கும் நினைவிருக்காது, வராவிட்டால் தெருவே நினைவில் வைத்திருக்கும். பஸ் எப்போது வரும், கரண்ட் எப்போது வரும், மாப்பிள்ளை வீட்டிலிருந்து பதில் எப்போது வரும் என்று பிறருக்குச் சொல்லும் பொறுப்பில் மாட்டிக்கொண்டவர்களுக்கு என் நிலைமையை விளக்க வேண்டியதில்லை.

நான் படித்தது சுற்றுச்சூழல் அறிவியல். வானிலை எச்சரிக்கைகளை நெசவாளர்களுக்கும் விவசாயிகளுக்கும் புரியும்படி எடுத்துச் சொல்ல, காஞ்சிபுரத்தில் ஒரு தொண்டு நிறுவனம் ஆள் தேடியது. எழுதி அனுப்பினால் போதும் என்று நினைத்துச் சேர்ந்தேன். நாலு பேர் முன்னால் நின்று பேச வேண்டும் என்பது சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. டீக்கடையில் ‘சர்க்கரை கம்மியா’ என்று சொல்வதற்கே மனசுக்குள் ஒருமுறை ஒத்திகை பார்ப்பவள் நான்.

நூறு வருஷத்துத் தபால்

முதல் கூட்டம் ஒரு நெசவாளர் தெருவில், பிள்ளையார் கோயில் வாசலில் நடந்தது. படம் ஒன்றைச் சுவரில் மாட்டிவிட்டு, பாதி அதைப் பார்த்தும் பாதி தரையைப் பார்த்தும் பேசினேன். நிலக்கரியை எரித்துக்கொண்டே போனால் பூமி சூடாகும் என்று நூறு வருஷத்துக்கும் முன்பே ஒரு விஞ்ஞானி கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டார் என்றேன். பிறகு வந்தவர்களும் அதையேதான் சொன்னார்கள், உலக நாடுகள் கூடிக் கூடிப் பேசின, இப்போது மழை பெய்யாமல் கெடுக்கிறது, பெய்தால் ஒரேயடியாகக் கொட்டிக் கெடுக்கிறது என்று முடித்தேன்.

முன்வரிசையில் தணிகாசலம் அண்ணன் உட்கார்ந்திருந்தார். தெருவிலேயே தாழ்வான கடைசி வீடு அவருடையது. அவரும் அவர் மனைவி வசந்தா அக்காவும் நெய்வது குழித்தறியில். தரையில் குழி வெட்டி, அதில் காலை இறக்கி மிதித்து நெய்யும் தறி. போன பெருமழையில் குழிக்குள் தண்ணீர் புகுந்து, தறியில் இருந்த பட்டெல்லாம் சாயம் கலந்து வீணானது. ஊரில் யாருக்காக நான் பேசுகிறேனோ அவர் இவர்தான் என்று நினைத்திருந்தேன். அவர் நிதானமாகக் கேட்டார்: “நூறு வருஷத்துக்கு முன்னாடி சொன்னது இப்போதான் எங்க தெருவுக்கு வருதா? தபால்ல போட்டாங்களாம்மா?”

வளர்ந்த எச்சரிக்கை

முசரவாக்கம் பக்கத்தில் சாந்தகுமார் நயினார் என்று ஒரு விவசாயி. சமணக் குடும்பம், பொழுது சாய்வதற்குள் சாப்பாட்டை முடித்துவிடுவார்கள். எனவே சொல்ல வேண்டியதை இருட்டுவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்பது அவர் போட்ட ஒரே நிபந்தனை. ஆனால் நேரத்தை எடுத்துக்கொண்டது அவர்தான்.

அவர் வாலிபத்திலிருந்தே எச்சரிக்கைகள் வந்துகொண்டிருந்தனவாம். காடு அழிகிறது என்று சொல்ல வந்தவர் தைலமரக் கன்று கொடுத்தார். தைலமரம் தண்ணீரை உறிஞ்சுகிறது என்று சொல்ல வந்தவர் வேப்பங்கன்று கொடுத்தார். ஓசோனில் ஓட்டை என்று சொல்ல வந்தவரிடம் கன்று இல்லை, காலண்டர் கொடுத்தார். புவி வெப்பமாகிறது என்றவர் புங்கங்கன்று கொடுத்து, அதோடு சேர்த்து ஒரு போட்டோவும் எடுத்துக்கொண்டார். என் பையில் கன்று எதுவும் இல்லை என்று தெரிந்ததும் நயினார் முகத்தில் ஒரு நிம்மதி. வரப்போரம் நின்ற புங்கமரத்தடியில் கயிற்றுக் கட்டிலை இழுத்துப் போட்டார். “எச்சரிக்கை எல்லாம் நல்லா வளந்துக்கினு இருக்குது. மரத்துல இது ஒண்ணுதாம்மா வளந்துது. நிழல்ல உக்காந்து சொல்லு.”

வராத மழை

ஒரு வெள்ளிக்கிழமை கனமழைக்கு வாய்ப்பு என்று அறிவிப்பு வந்தது. தெருவின் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பினேன். எங்கள் ஊரில் பாவு எனப்படும், புடவையின் நீளவாக்குப் பட்டு இழைகளை விடியற்காலையில் தெருவின் நீளத்துக்கு இழுத்துக் கட்டிச் சிக்கெடுப்பார்கள். தெருவே ஒன்றுகூடிச் செய்யும் வேலை. எங்கள் எச்சரிக்கையை நம்பி அன்றைய பாவு வேலையை எல்லோரும் தள்ளிவைத்தார்கள்.

அன்று அடித்த வெயிலில் வடாம் போட்டிருக்கலாம். ஒரு துளி இல்லை. தள்ளிப்போன பாவு வசந்தா அக்காவுக்கானது. ஒரு கல்யாணத்துக்கு அவர் நெய்ய வேண்டிய புடவை அதில்தான் இருந்தது. மறுநாள் நான் சுவரோரமாக நடந்து அந்தத் தெருவைக் கடக்கப் பார்த்தேன். வாசலில் நின்ற அக்கா கோபப்படவில்லை. கொடியில் ஈரத்துணியை உதறிப் போட்டபடியே சொன்னார்: “வா பாப்பா. உன் மழையையும் குடு, இதோட சேத்துக் காயப்போட்டுடறேன்.”

அத்தாவின் ரேடியோ

இனி அந்தத் தெரு நம்பாது, அடுத்த மழை நிஜமாக வந்தால் அந்தக் கடைசி வீடு மறுபடி முழுகும் என்று ஆபீசில் புலம்பினேன். எங்கள் கணினியைப் பார்த்துக்கொள்ளும் ரபீக் அண்ணன் திரும்பாமலே கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு தன் அப்பாவைப் பற்றிச் சொன்னார்: “எங்க அத்தா ரேடியோல மழைன்னு சொன்னா வேணும்னே மாடியில மொளகா காயப்போடுவார். இப்ப அதே மனுஷன் போனைப் பாத்துட்டு மொளகாய உள்ள எடுத்து வெக்கிறார். மாற ஒரு ஆயுசு ஆச்சு, ஆனா மாறினார் இல்ல?”

கையில் பாவு

அடுத்த அறிவிப்பு வந்தபோது வசந்தா அக்காவின் கல்யாணப் புடவை தறியில் பாதிக்கு மேல் நெய்யப்பட்டிருந்தது. நாளை மறுநாள் இரவிலிருந்து கனமழை என்று இருந்தது. குழுவில் போட்டேன். எல்லோரும் பார்த்துவிட்டதற்கான நீலக் கோடுகள் விழுந்தன. பதில் ஒன்றுகூட விழவில்லை.

விடியும்போது நானே போனேன். தெருவில் யாருடைய பாவோ கட்டியிருந்தது. இருபக்கமும் ஆட்கள் வரிசையாக நின்று இழை பிரித்துக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. கையில் பாவு இருக்கும்போது யாரும் நகர்ந்து போக முடியாது. விட்டால் பட்டு சிக்காகிவிடும். என் வாழ்நாளில் இவ்வளவு வசதியான கூட்டம் எனக்கு அமைந்ததில்லை. நிச்சயம் வரும் என்று சொல்லவில்லை. வராமலும் போகலாம், ஆனால் வந்தால் கடைசி வீட்டுக் குழிக்குள்தான் முதலில் இறங்கும், தறியில் இருப்பதைக் கழற்றி மேலே கட்டிவிடுங்கள் என்றேன். என் குரல் தெருக்கோடிவரை கேட்டது.

தணிகாசலம் அண்ணன் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. தறியில் இருப்பதைக் கழற்ற வேண்டுமானால் இழுவிசையைத் தளர்த்த வேண்டும். திரும்பக் கட்டும்போது புடவையின் நடு உடம்பில் ஒரு கோடு விழும். வராத மழைக்காகக் கல்யாணப் புடவையில் கோடு போட அவர் தயாரில்லை. வரிசையில் நின்றவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். வசந்தா அக்கா இழையிலிருந்து கண்ணை எடுக்காமல் முடிவைச் சொன்னார்: “உடம்பு முடிஞ்சு முந்தி தொடங்கற எடத்துல எப்படியும் கோடு இருக்கும். இன்னைக்கும் நாளைக்கும் உக்காந்து அதுவரைக்கும் நெய்ஞ்சுட்டு அவுப்போம். மழை வரலைன்னா இவள நான் பாத்துக்கறேன்.”

மழைக்குப் பிறகு

மறுநாள் சாயங்காலம் கழற்றினார்கள். நெய்ததையும் நெய்யாததையும் சேர்த்துச் சுருட்டி, பிளாஸ்டிக் தாளில் பொதிந்து, விட்டத்தில் கட்டினார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் வாசலில் மணல் மூட்டை அடுக்கினார்கள். மழை வருமா என்று வானத்தை என்னைப்போல அத்தனை பயத்தோடு யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். வரக்கூடாது என்று வேண்டிக்கொள்ளவும் வாய் வரவில்லை. வந்துவிடு என்று வேண்டவும் மனசு வரவில்லை.

வந்தது. காலையில் முழங்கால் தண்ணீரில் போய்ப் பார்த்தேன். தறிக்குழி கிணறுபோல நிறைந்திருந்தது, மிதிகட்டைகள் மிதந்தன. விட்டத்தில் மூட்டை மட்டும் காய்ந்தபடி தொங்கியது. அக்கா ஒரு முனையைப் பிரித்து, சிவப்புப் பட்டுத் துணியை என் கன்னத்தில் வைத்துக் காட்டினார். தண்ணீர் வடிந்த பிறகு, தறியை மேடைகட்டித் தரைக்கு மேலே ஏற்றிவிடத் தீர்மானித்தார்கள். அதே மேடையைப் பக்கத்து இரண்டு வீட்டாரும் கேட்டார்கள்.

தண்ணீர் வடிந்த அன்று தணிகாசலம் அண்ணன் வாளியால் குழியை இறைத்துக்கொண்டிருந்தார். நான் கிளம்பும்போது நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்: “வெயில் வந்ததும் பாவு இருக்குது. வந்து நில்லும்மா. மழை இல்லைன்னா, இல்லைன்னாவது சொல்லிட்டுப் போ.”

நூறு வருஷமாக யாரும் காதில் வாங்காத ஒரு செய்தியைச் சொல்ல வேண்டுமானால், கேட்பவர் கையில் முதலில் பாவு இழையைக் கொடுத்துவிட வேண்டும் என்பதே இந்த வேலையில் நான் கண்டுபிடித்த ஒரே அறிவியல்.