சின்னாத்தாள் எழுதிய விதிகள்

சின்னாத்தாளிடம் மின்னஞ்சலில் வாங்கிக் கட்டிக்கொள்ளாத ஆள் அந்த மென்பொருள் குழுவிலேயே கிடையாது. வெள்ளகோவில்காரி. டிப்ளமா முடித்துவிட்டு, திருப்பூரில் நஞ்சப்பனின் பனியன் கம்பெனியில் கம்ப்யூட்டர் அறைக்கு வந்தவள். ஒரே தடவையில் சாயம் ஏற்றிய துணி ஒரு லாட்; எந்த லாட் எந்த ஆர்டருக்குப் போகிறது என்று பதிவதுதான் அவள் வேலை. ஒரே பனியனில் உடம்பு ஒரு லாட், கை இன்னொரு லாட் என்று கலந்துவிட்டால் நிறமே காட்டிக் கொடுத்துவிடும். சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் மொத்தத்தையும் திருப்பி அனுப்பிவிடுவான்.

அது சம்பளத்துக்கு. மனசுக்கு இன்னொரு வேலை வைத்திருந்தாள். யார் வேண்டுமானாலும் இலவசமாகப் போட்டுக்கொள்ளக்கூடிய ஒரு மென்பொருள் தொகுப்பைப் பல ஊர்க்காரர்கள் இணையத்தில் கூடிச் செய்துவந்தார்கள். அதில் தமிழில் தட்டச்சு செய்யும் பகுதி அவள் பொறுப்பு. எதை முதலில் ஆக்குவது, எதை எங்கே வைப்பது என்று விதி எழுதிவிட்டால் கம்ப்யூட்டரே அதைப் படித்து, மற்றவர்கள் எடுத்துப் போட்டுக்கொள்ளும்படி பொட்டலம் கட்டிவிடும். விதி எழுதுவது எப்படி என்று புதியவர்களுக்குக் கையேடு எழுதியவளும் அவள்தான். அதன் முதல் வரியே அதட்டல்: "'என் கம்ப்யூட்டரில் ஓடுகிறதே' என்று எழுதாதீர்கள். உங்கள் கம்ப்யூட்டரைப் பற்றி யாரும் கேட்கவில்லை." பாவம், அந்த வரியைப் படித்துவிட்டு எத்தனை பேர் ஓடிப்போனார்களோ.

மின்வெட்டு ஊரைப் பாடாய்ப் படுத்திய இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு. தொகுப்பின் புதிய வெளியீட்டைக் கவனித்துவந்த மடத்துக்குளத்துக் கதிர்வேல் பெங்களூரிலிருந்து போன் செய்தான்.

"ஏனுங்கக்கா, உங்க பொட்டலம் இங்க பாதியிலயே நின்னுக்குதுங்க. திங்கக்கிழமைக்குள்ள சரியாகலீன்னா தமிழை விட்டுட்டு வெளியிடலாம்னு சொல்றாங்க."

"அதெப்படி நிக்கும் தம்பி? என் கம்ப்யூட்டர்ல..." நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

இத்தனை வருஷம் கட்டிக் காத்தது தன் கையாலேயே போகப்போகிறதே என்று அழுகை முட்டியது. விதிகளை வரிவரியாகப் படித்தாள். குற்றம் ஒன்றும் தெரியவில்லை. ஓட்டிப் பார்த்தாள். கம்பெனியின் பழைய கம்ப்யூட்டர், நத்தை வேகம். வழக்கம்போல் நடுவில் கரண்ட் போனது. யூ.பி.எஸ். கொஞ்ச நேரம் கத்திவிட்டு அடங்கியது. கரண்ட் வந்ததும் வழக்கம்போல் மறுபடி ஓட்டினாள். பொட்டலம் ஜம்மென்று வந்து நின்றது.

அந்த 'வழக்கம்போல்' அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவள் ஒரு நாளும் முதலிலிருந்து கடைசிவரை ஒரே ஓட்டமாக ஓட்டியதில்லை. எந்த விசைக்கு எந்த எழுத்து என்று வேலைக்கு நடுவே உண்டாகும் விசை அட்டவணையை, தற்காலிகமானது என்று கம்ப்யூட்டரே பொட்டலம் கட்டுமுன் அழித்துவிடும். ஆனால் முன்பே கிடந்த கோப்பென்றால் தொடாது. கரண்ட் போகும்போதெல்லாம் அட்டவணை மிஞ்சிக் கிடந்தது. இரண்டாம் ஓட்டம் அதை எடுத்துப் பொட்டலத்தில் வைத்துக் கட்டியது. கரண்ட் போகாத பெங்களூரில் அது அழிந்தேபோனது; வைத்துக் கட்ட அட்டவணை இல்லாமல் வேலை பாதியில் நின்றது. இரண்டு லாட் கலந்த சரக்கைத்தான் இத்தனை நாளும் பாஸ் செய்திருக்கிறாள்.

அட்டவணையை அழிக்காதே என்று விதியைத் திருத்தினாள். பழைய மிச்சத்தையெல்லாம் அழித்துவிட்டு, ஒரு முறையாவது தடங்கலில்லாமல் ஓட்டிப் பார்த்தாக வேண்டுமே. முதலாளியிடம் போய் நின்றாள்.

"ஜெனரேட்டர் லைன் தையல் மிஷினுக்குத்தானுங்க அம்மிணி. கம்ப்யூட்டருக்கு எதுக்குங்க?"

"என்னுதுல ரெண்டு லாட் கலந்துபோச்சுங்க."

நஞ்சப்பன் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "எந்த ஆர்டருங்க?"

"கம்பெனி ஆர்டர் இல்லீங்க. தமிழுதுங்க."

அவருக்கு என்ன புரிந்ததோ, எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு வயரை இழுத்துக் கொடுக்கச் சொன்னார். அன்று கரண்ட் போனபோது ஜெனரேட்டர் உறுமியது, ஓட்டம் நிற்கவில்லை. மிச்சம் மீதி எதுவும் இல்லாமல், சுத்தமாகக் கட்டிய பொட்டலம் வந்தது. கதிர்வேலும் பெங்களூரில் ஓட்டிப் பார்த்துவிட்டுப் போன் செய்தான்.

"வந்துருச்சுங்கக்கா! தமிழ் உள்ள போயிருச்சுங்க!"

போனை வைத்துவிட்டு, இந்த முறை நன்றாகவே அழுதாள்.

அடுத்த வாரம் தாராபுரத்திலிருந்து புதிதாகச் சேர்ந்த ஒருவர் எழுதியிருந்தார்: "மேடம், மன்னிக்கவும். என் கம்ப்யூட்டரில் நன்றாக ஓடுகிறது." குழு மொத்தமும் வேடிக்கை பார்க்கக் காத்திருந்தது. கையேட்டின் முதல் வரியை அழித்துவிட்டு வந்து சின்னாத்தாள் பதில் எழுதினாள்:

"உங்கள் ஊரில் கரண்ட் எப்போதுங்க போகும்?"