உதவிக்கு வந்த அண்ணை

படிக்கிற காலத்தில் லண்டன் மோர்டனில் ஒரு சிற்றுண்டிக் கடையில் வேலை செய்தேன். அந்தக் கடையை நினைத்தாலே அண்ணையின் குரல்தான் முதலில் கேட்கிறது. தொலைபேசியை எடுத்ததும், "வணக்கம், சொல்லுங்கோ, ஆருக்குப் பிறந்தநாள்?" என்பார். வீட்டில் பிறந்தநாள் இல்லாதவர்கள்கூட யாருடையதையாவது யோசித்துச் சொல்லிவிட்டுத்தான் ரோல்ஸ் கேட்பார்கள்.

எனக்கு மட்டுமல்ல, கடைக்கே அவர் அண்ணை. களஞ்சியம் ஒன்றில் ஏணியிலிருந்து விழுந்து முதுகு பழுதானவர். சில நாட்களில் கட்டிலை விட்டு எழும்பவே முடியாது. வேலை செய்ய ஏலாதவர்களுக்கு அரசாங்கம் கொடுக்கும் பெனிபிட் காசில்தான் வீட்டு வாடகை போனது. உரிய இடத்தில் சொல்லி அனுமதி எடுத்து, செவ்வாயும் வெள்ளியும் காலையில் மட்டும் கடைக்கு வந்து, இருந்தபடியே தொலைபேசியில் ஓடர் எடுப்பார். அதற்குமேல் வேலை செய்தால் பெனிபிட்டுக்கு ஆபத்து. நேரம் முடிந்ததும் நான்தான் அவரைத் துரத்த வேண்டும். "போறன், போறன், ஏன் கலைக்கிறீர்?" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். அந்த இரண்டு காலைகளுக்காகத்தான் மிச்ச நாட்களை அவர் தள்ளிக்கொண்டிருந்தார்.

ஒருமுறை முதலாளியின் தாயார் காலமானார். லண்டனில் செத்தவீடு என்றால் எரிக்கும் நாள் கிடைக்கும்வரை வீடு நிறைய ஆட்கள். முதலாளியால் கடைப்பக்கம் வரமுடியவில்லை. ஏற்கெனவே எடுத்த ஓடர்கள் இருந்ததால் கடையைப் பூட்டவும் முடியவில்லை. அண்ணை வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு அந்தக் கிழமை முழுவதும் வந்து இருந்தார். பிறகு முதலாளி காசை நீட்டியபோது அவருக்குக் கோபமே வந்துவிட்டது. "செத்தவீட்டுக்கு வந்தவனுக்குச் சம்பளமோ?" என்றார். நம் ஆட்களில் யாராக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பார்கள்.

அவர் கிழமை முழுவதும் கடையில் இருந்ததை யாரோ பெனிபிட் அலுவலகத்துக்கு அறிவித்துவிட்டார்கள். விசாரித்த அதிகாரி மரியாதையான மனிதர்தான். ஆனால் சம்பளம் வாங்காவிட்டாலும் கடையில் இருந்து ஓடர் எடுத்தால் அது வேலை என்றார். "உதவிக்குப் போனது எப்பிடி வேலையாகும்?" என்று அண்ணை கேட்டார். துணைக்குப் போயிருந்த எனக்கு அதை ஆங்கிலத்தில் அதிகாரிக்குப் புரியவைக்கத் தெரியவில்லை. விசாரணை முடியும்வரை பெனிபிட் நின்றது. வீடு போய்விடுமோ என்று அண்ணி அழுதபடியே இருந்தார். கடைசியில், தெரியாமல் நடந்தது என்று ஏற்றுக்கொண்டு திரும்பக் கொடுத்தார்கள். பழையபடி இரண்டு காலையும் வேலைக்குப் போகலாம் என்றும் சொன்னார்கள்.

அவர் வரவில்லை. நானும் முதலாளியும் வீட்டுக்கே போய்க் கூப்பிட்டுப் பார்த்தோம்.

"வந்தா, ஒருத்தர் அவசரமெண்டு நிக்கேக்கை நேரம் முடிஞ்சுதெண்டு எழும்பவேணும், தங்கச்சி. அது என்னாலை ஏலாது."

இப்போது ஹரோவில் இருக்கிறேன், நல்ல உத்தியோகம். அலுவலகத்தில் எல்லோரும் சொன்ன நேரத்துக்கு எழும்பிப் போகிறோம். அப்படி எழும்பும்போதெல்லாம் அவர் பக்கத்தில் இருந்த அந்த நாட்களுக்காக மனம் ஏங்குகிறது.

போன வெள்ளிக்கிழமை காலை, சொல்லாமல் அவர் வீட்டுக்குப் போனேன். முகம் வழித்து, அயர்ன் பண்ணிய சட்டை போட்டு, சப்பாத்தும் மாட்டியபடி முன்னறைக் கதிரையில் இருந்தார். எங்கேயும் வெளிக்கிட்டீங்களோ என்று கேட்டேன். சிரித்தபடி பக்கத்துக் கதிரையைக் காட்டினார்.

குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே அண்ணி மெதுவாகச் சொன்னார்: "செவ்வாயும் வெள்ளியும் உப்பிடித்தான், பிள்ளை. மத்தியானம்தான் சப்பாத்தைக் கழட்டுவார்."